வெள்ளைத் தாளில் வெள்ளை முகமூடி: மார்ஷ்மெல்லோவை பென்சிலால் வரைவது எப்படி?

கவிழ்த்து வைத்த வாளி மாதிரி ஒரு தலை. கண்ணுக்குப் பதில் இரண்டு பெருக்கல் குறி. கீழே ஒரு சிரிப்பு. டிஜே மார்ஷ்மெல்லோவின் படத்தைப் பார்க்கும் யாருக்கும் ‘இதில் வரைய என்ன இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை’ என்றுதான் தோன்றும். பென்சிலோடு உட்கார்ந்தால் நிஜமாகவே ரெண்டு நிமிஷத்தில் முடிந்தும் விடுகிறது. ஆனால், தாளில் இருப்பது மேடையில் நிற்கும் மனிதர் இல்லை, வாட்ஸ்அப் எமோஜி!

கோடு எதுவும் தப்பில்லை. பின் எங்கே சறுக்கியது? அந்த முகமூடி வெள்ளை, அவர் போடும் உடையும் வெள்ளை, உங்கள் தாளும் வெள்ளை. கையில் இருக்கும் பென்சிலோ கறுப்பு. வெள்ளையைக் கறுப்பால் வரைய வேண்டும் என்பதுதான் இங்கே உண்மையான சவால்.

அமெரிக்க டிஜேவான மார்ஷ்மெல்லோ 2015-இல் இணையத்தில் பாடல்களை வெளியிடத் தொடங்கினார். 2016-இல் ‘அலோன்’, 2018-இல் பாஸ்டில் குழுவுடன் ‘ஹேப்பியர்’ என்று உலகமெங்கும் போய்ச் சேர்ந்தார். 2019 பிப்ரவரி 2 அன்று ஃபோர்ட்நைட் வீடியோ கேமுக்குள்ளேயே அவர் நடத்திய கச்சேரியில் ஒரே நேரத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இருந்ததாகச் சொல்லப்பட்டது. அதே மாதம் இந்தி இசையமைப்பாளர் ப்ரீதமுடன் சேர்ந்து ‘பிபா’ பாடலும் வந்தது. ஃபோர்ட்நைட் மேடையில் ஆடியது ஒரு கணினி பொம்மைதான். இருந்தாலும் அது யார் என்று யாரும் கேட்கவில்லை. முகமூடிதான் ஆள்.

வரையப் பழகுபவருக்கு இது பெரிய லாபம். சாதாரண முகம் வரைவதில் ஆளை மிரட்டுவது ஜாடை. ஒரு கண் கொஞ்சம் இறங்கிப்போனால் விஜய் பக்கத்து வீட்டு அண்ணன் ஆகிவிடுவார். பத்தாம் வகுப்போடு டிராயிங் நோட்டை மூடிவைத்த பலர் மூடியதே இந்த ஜாடை பயத்தால்தான். இங்கே அந்தத் தொல்லையே கிடையாது. அதனால் முழுக் கவனத்தையும் உருண்டை, வெளிச்சம், நிழல் ஆகியவற்றில் வைக்கலாம்.

பொருள்கள் எல்லாம் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் கிடைப்பவைதான். ஒரு ஹெச்பி பென்சில், ஒரு 4பி பென்சில், ரப்பர், ஏ4 தாள், கொஞ்சம் டிஷ்யூ. கூடவே ஒரு காபி மக். மக் எதற்கு? அதுதான் மாடல்.

முதலில் மக்கை கவிழ்த்து வையுங்கள்

வெள்ளை மக்காக இருந்தால் நல்லது. ஒரு துண்டுத் தாளில் இரண்டு பெருக்கல் குறியும் ஒரு சிரிப்பும் போட்டு, மக்கைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். இப்போது மக்கை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். உங்களைவிட்டு விலகிப் போகும் பக்கத்துக் கண் ஒடுங்கும். சிரிப்பின் ஒரு முனை சட்டென்று சுருங்கி விளிம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எமோஜியாகிப்போன படங்களில் இரண்டு கண்ணும் ஒரே அகலத்தில் இருக்கும், தலையோ திரும்பியிருக்கும். உருளை தட்டையாவது அங்கேதான்.

அடுத்து மக்கை உங்கள் கண் மட்டத்துக்கு மேலே, அலமாரியில் வையுங்கள். மேல் பக்கம் தெரியவே தெரியாது. மேல் விளிம்பு வானவில் மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். கச்சேரியில் கூட்டத்தில் நின்று எடுத்த போட்டோக்கள் எல்லாம் இப்படித்தான், கீழிருந்து மேலே பார்த்த கோணம். அந்தப் போட்டோவை வைத்து வரையும்போது, தலையின் உச்சியில் ஒரு வட்டத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டால் கோணம் கெட்டுவிடும். பெருக்கல் குறிகளையும் நேர்கோட்டில் வைக்காதீர்கள். மேல் விளிம்பின் அதே வளைவில் அவையும் உட்கார வேண்டும்.

தலையின் அளவையும் கவனிக்கணும். முகமூடிக்குள் ஒரு தலை இருக்கிறது, அதனால் அது சாதாரணத் தலையைவிடப் பெரியது. பழக்க தோஷத்தில் சின்னதாகப் போட்டால் குல்லா மாட்டிய பையன் மாதிரி இருக்கும். கையை நீட்டி, பென்சிலால் போட்டோவில் தலையின் அகலத்தையும் தோளின் அகலத்தையும் அளந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

வெள்ளையைத் தொடாதீர்கள்

இப்போது முக்கியமான கட்டம். அறை விளக்கை அணைத்துவிட்டு, மக்கின் இடப்பக்கம் போன் டார்ச்சை வையுங்கள். வெள்ளை மக் முழுக்க வெள்ளையாக இல்லை என்பது உடனே தெரியும். வெளிச்சம் நேராக விழும் ஒரு பட்டைதான் உண்மையில் வெள்ளை. மற்றதெல்லாம் வெவ்வேறு அளவு சாம்பல். இன்னொன்றும் தெரியும்: மிக இருண்ட இடம் வலது ஓரத்தில் இல்லை, ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. மேஜையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஓரத்தை லேசாகத் தூக்கிக் காட்டுகிறது. அந்த மெல்லிய வெளிச்சப் பட்டையை விட்டு வைத்தால் தலை உருண்டுவிடும். ஓரம் வரைக்கும் கறுப்பைத் தேய்த்தால் மறுபடி தட்டைதான்.

தாளில் இதைச் செய்யும்போது முகமூடியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பின்னணியிலிருந்து ஆரம்பியுங்கள். 4பி பென்சிலைப் படுக்க வைத்து, தலையைச் சுற்றி மேடையின் இருட்டைத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். தாளின் வெள்ளை தானாகவே எரிய ஆரம்பிக்கும். அதே தாள், அதே வெள்ளைதான். பக்கத்தில் கறுப்பு வந்ததும் நம் கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சமாகத் தெரிகிறது. வெளிப்புறக் கோடு என்று தனியாக ஒன்று அதற்குப் பிறகு தேவையே இல்லை. முகமூடியின் நிழல் பக்கத்தை மட்டும் ஹெச்பி பென்சிலால் மெல்லத் தடவி, டிஷ்யூவால் ஒற்றினால் போதும். ரப்பரை பிளேடால் கூர்மையாக நறுக்கிக்கொண்டால் அதுவும் ஒரு பென்சில்தான்: பின்னால் இருந்து வரும் லேசர் ஒளியைக் கறுப்பிலிருந்து கோடு கோடாகக் கீறி எடுக்கலாம்.

வண்ணம் வேண்டுமென்றால் இரண்டு கலர் பென்சில் போதும். வெள்ளைப் பொருள், மேல் விழும் விளக்கின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் இளஞ்சிவப்பு, நடுவில் தாளின் வெள்ளை. இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. பள்ளி நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாளை எடுத்து, வெள்ளை சாக்பீஸால் வெளிச்சத்தையும் பென்சிலால் இருட்டையும் போடுங்கள். நடுத்தர நிறம் தாளிலேயே இருப்பதால் பாதி வேலை மிச்சம்.

முகம் சிரித்தபடியே உறைந்துவிட்டது, அதை மாற்ற வழியில்லை. அப்போது அந்த ஆளின் மனநிலையை எங்கே காட்டுவது? தோளிலும் கையிலும். குனிந்து கன்சோலைப் பார்க்கும் மார்ஷ்மெல்லோவும், இரண்டு கையையும் உயர்த்தி நிற்கும் மார்ஷ்மெல்லோவும் அதே சிரிப்போடு வேறு வேறு ஆட்களாகத் தெரிவார்கள். தலைக்கு ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு உடலை நான்கு கோட்டில் முடிப்பது அதனால்தான் நஷ்டம்.

இது கைவந்ததும் டாஃப்ட் பங்க் பக்கம் போகலாம். 2021-இல் பிரிந்த அந்த பிரெஞ்சு இரட்டையரின் தங்க, வெள்ளி ஹெல்மெட்டுகளுக்கு இந்த மென்மையான நிழல் ஒத்துவராது. பளபளப்பு என்றால் கறுப்பும் வெள்ளையும் இடையில் எதுவுமின்றி வெட்டி வெட்டி நிற்க வேண்டும். டிஷ்யூவைத் தூர வைத்துவிடுங்கள். ராப் பாடகர் எம்எஃப் டூமின் உலோக முகமூடிக்கு 4பி பென்சிலை அழுத்தித் தேய்த்தாலே பாதி வந்துவிடும். கிராஃபைட்டுக்கு இயல்பாகவே ஒரு இரும்பு மினுமினுப்பு உண்டு.

வரைந்ததை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாமா? அங்கே கொஞ்சம் நில்லுங்கள். முகமூடி என்பது இந்தக் கலைஞர்களின் வியாபார அடையாளமும்கூட. கனடா டிஜே டெட்மவுஸ் தன் எலித் தலைக்கு அமெரிக்காவில் வர்த்தக முத்திரை கேட்டபோது, மிக்கி மவுஸின் சொந்தக்காரரான டிஸ்னி 2014-இல் எதிர்ப்புத் தெரிவித்தது. அடுத்த ஆண்டு சமரசமானது. காது வடிவத்துக்கே இவ்வளவு சண்டை. உங்கள் சுவரில் மாட்டவும் போன் வால்பேப்பருக்கும் வரைவதில் சிக்கல் இல்லை. காசு வாங்குவதானால் அனுமதி வேண்டும்.

இன்ஸ்டாவில் போட போட்டோ எடுக்கும்போது ஒரு விஷயம். தாளில் கறுப்பு அதிகம் இருந்தால் போன் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். வெள்ளை அதிகம் இருந்தால் தாளை அழுக்காக்கிவிடும். ஜன்னல் ஓரத்தில் வைத்து, திரையில் முகமூடியைத் தொட்டு, பிரைட்னஸை நீங்களே ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு கிளிக் பண்ணுங்கள்.