கேப் டவுனுக்குத் திரும்பி வந்த மேகம்

கல்யாணத்துக்கு வேண்டிய அண்டா, குண்டான், ஜமக்காளத்தை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. வாடகைக் கடையில் எண்ணி எடுத்து வருவோம், பந்தி முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுப்போம். கணினியையும் இப்படி வாடகைக்கு எடுப்பதற்குப் பெயர்தான் கிளவுட் கம்ப்யூட்டிங். இந்தத் தொழிலை உலகமெங்கும் பரப்பிய சரக்கு ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியில், கேப் டவுனில் உருவானது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

கிறிஸ் பிங்கம் தென்னாப்பிரிக்கர். அமேசானில் சர்வர்களையும் வலைப்பின்னலையும் கவனித்துக்கொண்டிருந்தவர். 2003-இல் அவரும் பெஞ்சமின் பிளாக் என்ற பொறியாளரும் சேர்ந்து ஒரு திட்டம் எழுதினார்கள். நிறுவனத்துக்குள் சர்வர்களைப் பகிரும் முறையை ஒழுங்குபடுத்தினால் அதையே வெளியாருக்கும் விற்கலாம் என்ற யோசனை அதில் இருந்தது. பிங்கமுக்கோ ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை. அமேசான் அவரை இழக்க விரும்பாமல் கேப் டவுனிலேயே அலுவலகம் போட அனுமதித்தது. அங்கே அவரும் வில்லெம் வான் பில்யோனும் ஒரு சிறு குழுவும் உருவாக்கியதுதான் 2006 ஆகஸ்டில் வெளிவந்த ‘இசி2’. அப்போது ஒரு மணி நேரத்துக்கு 10 சென்ட் வாடகை.

உள்ளே நடப்பது ஒண்டுக்குடித்தனம்தான். ஒரு பெரிய வீட்டைத் தடுத்து நான்கைந்து குடும்பங்களுக்கு விடுகிறோம். கிணறு பொது, வாசல் பொது. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு. ஒரு சர்வரை அப்படித் தடுப்பதற்கு ‘ஸென்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். ஒரே இயந்திரத்தின் நினைவகத்தையும் செயலியையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக் கணினி என்றே எண்ணிக்கொள்ளும்படி செய்வது அதன் வேலை. பக்கத்துக் குடித்தனக்காரர் என்ன சமைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

மூளை கேப் டவுனில் வேலை செய்தது. இயந்திரங்களோ அமெரிக்காவில் இருந்தன, பிறகு ஐரோப்பாவிலும். அமேசானின் ஆப்பிரிக்கத் தரவு மையங்கள் கேப் டவுனில் திறக்கப்பட்டது 2020 ஏப்ரலில். மைக்ரோசாஃப்ட் அதற்கு ஓராண்டு முன்னதாகவே, 2019 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவுக்கு வந்துவிட்டது. கூகுள் 2024 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்தது. இசி2-வைப் பெற்றெடுத்த ஊர் அதைத் தன் தெருவில் பார்க்க 14 ஆண்டுகள் காத்திருந்தது.

சர்வர் எங்கே இருந்தால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். தென்னாப்பிரிக்காவிலிருந்து மேற்குக் கடற்கரையோரமாக இங்கிலாந்து வரை செல்லும் ‘வாக்ஸ்’ கடலடி கேபிளின் நீளம் சுமார் 14,500 கிலோமீட்டர். போய்வர 29,000. ஆக, ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஏழில் ஒரு பங்கு வினாடி. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு கடையின் பில் போடும் மென்பொருள், சரக்கு இருக்கிறதா, விலை என்ன, வரி எவ்வளவு, வாடிக்கையாளர் கணக்கில் என்ன பாக்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக 20 கேள்விகள் கேட்டால் மூன்று வினாடி போய்விடும். கல்லாவில் வரிசை நிற்கும்போது மூன்று வினாடி நீளமானது. எந்தப் பொறியாளராலும் ஒளியை விரட்ட முடியாது. இயந்திரத்தைத்தான் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

கேபிள் அறுந்தால் அந்தத் தாமதமான பதிலும் வராது. 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கடற்கரைக்கு அப்பால் நான்கு கேபிள்கள் ஒரே நாளில் பழுதாயின. கானா, நைஜீரியா, லைபீரியா என்று பல நாடுகளில் இணையம் தள்ளாடியது. வங்கிச் சேவைகள் முடங்கின. ஆழ்கடலில் இந்தக் கேபிள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் பருமன்தான். அதன் நடுவில் முடி போன்ற இழைகள். அறுந்த இரு முனைகளையும் கடலடியிலிருந்து தூக்கி, கப்பலில் வைத்து, இழை இழையாக உருக்கி ஒட்டுகிறார்கள். கேப் டவுன் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட ‘லியோன் தெவெனின்’ என்ற கப்பலுக்கு இதுவே பிழைப்பு. 1983-இல் கட்டிய கப்பல். 2023-இல் காங்கோ ஆற்று முகத்துக்கு அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோது அதுதான் போய்ச் சரிசெய்தது. தென்னாப்பிரிக்காவில் தொடங்கும் இன்னொரு கேபிள், ‘சேஃப்’, மொரீஷியஸ் வழியாகக் கொச்சியிலும் பினாங்கிலும் கரையேறுகிறது. நமக்கும் அந்தக் கடலுக்கும் தொடர்பு உண்டு.

கட்டடமும் கேபிளும் வந்துவிட்டாலும், சிறு நிறுவனங்களை அழுத்துவது பில்தான். கிளவுட் வாடகை பெரும்பாலும் டாலரில் வருகிறது. நைஜீரியா 2023 ஜூனில் தன் நாணயமான நைராவின் மீதிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதற்கு முன் ஒரு டாலர் சுமார் 460 நைரா. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் 1,500-ஐத் தொட்டது. மாதம் 1,000 டாலர் வாடகை கட்டிய லாகோஸ் நிறுவனத்துக்கு, ஒரு சர்வர்கூடக் கூடுதலாக எடுக்காமலே, 4.6 லட்சம் நைரா 15 லட்சமானது. கிளவுட் சேவையை வாங்கி விற்கும் உள்ளூர்ப் பங்காளி நிறுவனங்கள் இங்கேதான் அவசியமாகின்றன. உள்ளூர்ப் பணத்தில் பில் போடவும், வரிக் கணக்கை ஒழுங்காகக் காட்டவும், ராத்திரி பதினொரு மணிக்குப் போனை எடுக்கவும் ஆள் வேண்டும். கென்யாவின் சஃபாரிகாம் 2020-இல் அமேசானுடன் இப்படிக் கைகோத்தது. எம்-பெசா மூலம் கைப்பேசிப் பணத்தை ஊரெல்லாம் பழக்கிய நிறுவனம் அது. ஒரு நாட்டில் கிளவுட் வேரூன்றுமா என்பதை விளம்பரத்தைவிட இத்தகைய இடைநிலை நிறுவனங்களே தீர்மானிக்கின்றன என்பது என் எண்ணம்.

அந்தப் போனை எடுப்பவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். அமேசானின் ‘ரீஸ்டார்ட்’ போன்ற 12 வாரப் பயிற்சிகள் வேலையில்லாதவர்களுக்குக் கட்டணமில்லாமல் நடக்கின்றன. கிளவுட் கற்பவர் முதலில் பழக வேண்டியது அணைப்பது. வாடகைக்கு எடுத்த அண்டாவைத் திருப்ப மறந்தால் தினமும் வாடகை ஏறுவதுபோல, சோதனைக்காக இயக்கிய சர்வரை அணைக்காமல் வீட்டுக்குப் போனால் விடியும்வரை மீட்டர் ஓடும். மாதக் கடைசியில் வரும் பில்லை வரி வரியாகப் படித்து, எதை நிறுத்தலாம், எதைச் சிறிதாக்கலாம் என்று சொல்லத் தெரிந்தவர் ஒரு சிறு நிறுவனத்தையே காப்பாற்றிவிடுவார்.

பயிற்சி கொடுத்தால் மட்டும் வேலை வந்துவிடாது. 2014-இல் லாகோஸில் தொடங்கிய ‘அண்டேலா’, ஆப்பிரிக்க இளைஞர்களுக்கு மென்பொருள் கற்பித்து அமெரிக்க நிறுவனங்களோடு இணைத்தது. மார்க் ஸக்கர்பெர்க்கின் அறப்பணி நிறுவனமும் அதில் முதலீடு செய்தது. 2019-இல் அதே நிறுவனம் நூற்றுக்கணக்கான இளநிலைப் பொறியாளர்களை வெளியே அனுப்பியது. வாடிக்கையாளர்கள் கேட்டது அனுபவசாலிகளை. கற்றுக்குட்டிகளுக்கு முதல் இரண்டு ஆண்டு அனுபவத்தைத் தர யாரும் இல்லை. அதைத் தர வேண்டியவை உள்ளூர் வங்கிகளும் மருத்துவமனைகளும் நகராட்சிகளும்தான். வெளிநாட்டு வாடிக்கையாளரை மட்டும் நம்பிப் பயிற்சி மையம் திறப்பது தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு தடை சிறியதாகத் தோன்றும். அமேசானின் அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம் 100 டாலர். 2024-இன் மாற்று விகிதத்தில் நைராவில் சுமார் ஒன்றரை லட்சம். நைஜீரியாவில் 2024 ஜூலையில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மாதம் 70,000 நைரா. ஆக, தேர்வுக் கட்டணம் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். ரீஸ்டார்ட் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு இந்தச் செலவை நிறுவனமே ஏற்கிறது. அதில் இடம் கிடைக்காமல், இரவல் மடிக்கணினியில் தானாகப் படித்துத் தேறியவர்களுக்கும் அந்தந்த ஊர் வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் வேண்டும். ஒரு பெரிய தரவு மையத்தின் ஒருநாள் மின்கட்டணத்துக்கு முன்னால் அந்தச் சலுகை ஒரு செலவே இல்லை.