ஏரிகளின் நடுவே ஒரு வாசம்

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் நான் குடியேறிய காலத்தில், கலங்கலில் ஜலம் விழும் சப்தத்தைக் கேட்டே ஏரியின் நிறைவைச் சொல்லிவிடும் முதியவர்கள் அங்கே இருந்தார்கள். இன்று அதே தெருவில், ஜன்னலைத் திறந்தால் அடுத்த அடுக்குமாடியின் சுவர்தான் தெரிகிறது. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், பட்டணத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே கிராமத்துக் கிணற்று நீரைக் குடித்து வாழலாம் என்னும் ஆசை மத்தியதரக் குடும்பங்களுக்கு உண்டாயிற்று. அந்த ஆசைதான் பல ஆண்டுகளுக்குப் பின் என்னையும் இங்கே அழைத்து வந்தது. 2021-ல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது.

வீடு வேண்டும் என்று வருகிறவர்களை, முன்னமே வந்துவிட்ட நான் எந்த நியாயத்தால் குறைகூறுவேன்? ஜலத்தின் பாதையை நாம் மறந்துவிட்டோமே என்பதுதான் என் துக்கம்.

செங்கற்பட்டுச் சீமையை ஏரி ஜில்லா என்பார்கள். மேட்டிலுள்ள ஏரி நிரம்பியதும் உபரி நீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாயில் இறங்கி, அடுத்த ஏரியைச் சேரும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குப் போகும். இவ்வாறு கைமாறிக் கைமாறி, மேற்கே அடையாற்றையோ கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையோ அடைந்து, இறுதியில் சமுத்திரத்தில் கலக்கும். தாங்கல் என்பது நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரியின் பெயர்; பழவந்தாங்கல் நிலையத்தில் அன்றாடம் ஏறி இறங்குவோரில் எத்தனை பேர் இதை நினைத்திருப்பார்கள்! ஏரிப் பாசனம் பெற்ற ஆயக்கட்டு நிலங்கள் மனைகளானபின், மதகைத் திறந்து நீரைப் பங்கிடும் நீர்க்கட்டிக்கு வேலை இல்லாது போயிற்று, மதகுகள் தூர்ந்தன, கால்வாய்களின்மேல் சுவர்கள் எழுந்தன.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர்த் தெருக்களில் படகு ஓடிற்று. மாடிக்கு ஏறிய அவசரத்தில், என் தகப்பனார் கைப்பட எழுதிய கணக்குப் புத்தகங்களைக் கீழேயே விட்டுவிட்டேன். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், குடிநீர் லாரிக்காக அதே ஜனங்கள் குடத்துடன் காத்து நின்றார்கள். சிட்லபாக்கத்து வாசிகள் அவ்வாண்டு தங்கள் ஏரியில் தாங்களே இறங்கிக் குப்பை அள்ளியதை நன்றியுடன் நினைக்கிறேன்.

சென்ற ஐப்பசியில், எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த இளம்பெண், "அங்கிள், எங்க கார் நிறுத்துற இடத்துல மட்டும் ஏன் தண்ணி ஊறிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டாள். பதில் சொல்வதைவிடக் காட்டுவது மேலென்று, தூறலில் அவளை அழைத்துக்கொண்டு நடந்தேன். கல்யாண மண்டபத்தின் பின்புறம், லாரி ஷெட்டின் ஓரம், அப்புறம் சாலைக்கு அடியில் பாதி புதைந்து கிடக்கும் சிறுபாலம். பழைய கால்வாய் போன வழி அதுதான். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்; பிறகு குடையை மடக்கி, பாலத்தின் வாயை அடைத்துக் கிடந்த பிளாஸ்டிக் மூட்டையை அதன் நுனியால் நெம்பத் தொடங்கினாள்.