வயல்வேலை மட்டும் போதுமா? கொல்லிமலை விவசாயிகளுக்கு உடல் வலு காக்கும் வழிகள்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் ஒரு காலத்தில் சாமை, கேழ்வரகு, தினை ஆகியவையே அன்றாட உணவு. பின்னர் மரவள்ளி பணப்பயிராகப் பரவியதும் சிறுதானியப் பரப்பு சுருங்கியது. ரேஷன் அரிசி அடுப்புக்கு வந்தது. சாமையை உரலில் குத்திப் புடைக்கும் சிரமமும் அதைக் கைவிட ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்த பிறகு பெண்களின் அந்தச் சுமை குறைந்தது.

தினமும் காட்டில் உழைக்கும் நமக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. களை எடுப்பதும் கிழங்கு பிடுங்குவதும் குனிந்தே செய்யும் வேலைகள். இவற்றில் இடுப்பு களைத்துப்போகும். ஆனால் தொடை, தோள் தசைகளுக்குப் போதிய பயிற்சி கிடைப்பதில்லை. நடுத்தர வயதுக்குப் பின் தசை படிப்படியாகக் குறையும். 60 வயதைத் தாண்டியவர் மிளகு பறிக்க ஏணியில் ஏறும்போது கால் தளர்ந்தால் ஆபத்து. இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான்.

வாரம் 2 நாள் செய்ய வேண்டியவை

தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியை வாரம் 2 நாளாவது செய்ய உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. செலவு எதுவும் இல்லை.

1. திண்ணையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காரவும்.
2. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, முழங்கையை மடக்கி நீட்டி 10 முறை தள்ளவும்.
3. தூணைப் பிடித்தபடி குதிகாலை 15 முறை உயர்த்தி இறக்கவும்.
4. பாதி நிரம்பிய குடத்தை, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி 8 முறை தூக்கி வைக்கவும்.

சற்று ஓய்வெடுத்து மீண்டும் ஒரு சுற்று செய்யலாம். எளிதானதும் எண்ணிக்கையைக் கூட்டவும். இடையில் ஒரு நாளாவது இடைவெளி விடவும். மிளகு அறுவடைக்கு 2 மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

தசை வளரப் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். 100 கிராம் மரவள்ளிக் கிழங்கில் 1 கிராம் அளவுக்கே புரதம் உண்டு. 100 கிராம் மொச்சை அல்லது துவரம்பருப்பில் 20 கிராமுக்கு மேல் உள்ளது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். கேழ்வரகில் எலும்புக்கான சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கிறது.

சிறுதானியப் புரதத்தில் குறையும் ஒரு கூறு பருப்பில் நிறைய உண்டு. ஆகவே சாமைச் சோற்றுக்கு மொச்சைக் குழம்பு, கேழ்வரகுக் களிக்குக் கீரையும் பருப்பும் எனச் சேர்த்துச் சாப்பிடவும். சாமையை அதிகம் தீட்ட வேண்டாம். தவிட்டோடு சத்தும் போய்விடும். விளைந்ததை எல்லாம் விற்றுவிடாமல் வீட்டுத் தேவைக்குச் சில மூட்டை ஒதுக்கி வையுங்கள்.

கவனிக்க: இதய நோய், ரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்ட பிறகே பயிற்சியைத் தொடங்கவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தின் அளவையும் கேட்டுக்கொள்ளவும். பயிற்சியின்போது நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.