பரிவு மட்டும் போதாது!



'மனநல ஆலோசகருக்கு முதல் தேவை பரிவா, நெறியா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் பரிவு, பரிவுன்னு கண் கலங்கப் பேசினார். ஐயா, நான் பரிவுக்கு விரோதி இல்லே. பரிவால அடிபட்டவன்! (சிரிப்பு)

எனக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். கல்வராயன் மலையில, வெள்ளிமலையில பஸ் ஏறினா, கச்சிராப்பாளையத்துல நாம இறங்கறதுக்கு முன்னாடியே நம்ம வீட்டுக் கதை இறங்கிடும். (கைதட்டல்) ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த ஊர்ல ஒருத்தன் மனசைத் திறக்கணும்னா, கேட்கிறவர் வாயை மூடியாகணும்.

எங்க அப்பா குடிச்சே செத்தார். எனக்கு அப்போ 17 வயசு. ஓர் ஆலோசகர்கிட்டே போனேன். "அவர் போனது நிம்மதியா இருக்கு சார். அப்படி நினைக்கிறோமேன்னு தூக்கம் வரலே"ன்னேன். நல்ல மனுஷர். இரக்கப்பட்டு எங்க சித்தப்பாவைக் கூப்பிட்டு, "பையனைப் பார்த்துக்குங்க"ன்னு எல்லாத்தையும் சொல்லிட்டார். அன்னிக்கு ராத்திரி எங்கம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... பத்து வருஷம் நான் யார்கிட்டேயும் மனசு விட்டுப் பேசலே.

2024 ஜூன் மாதம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது. அந்த வீடுகள்ல துக்கத்தோட வெட்கமும் இருக்கும், கோபமும் இருக்கும். சொன்னது தெருவுக்கு வந்துடும்னா, எந்தத் தாய் வந்து மனசைத் திறப்பா?

"உயிருக்கே ஆபத்துன்னா என்ன செய்யறது?"ன்னு நடுவர் கேட்கலாம். அதுக்கும் நெறி இருக்கு ஐயா! 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 23-ஆவது பிரிவு. சிகிச்சை பெறுபவரின் விவரம் ரகசியம் என்கிறது. உயிராபத்தைத் தடுக்கவோ, அடுத்தவருக்குத் தீங்கு வராமல் காக்கவோ வேண்டுமானால், தேவையான அளவு மட்டும் சொல்லலாம் என்கிறது. எனக்கு ஆபத்து ஒண்ணுமில்லே, தூக்கம்தான் வரலே!

நெறி தெரிஞ்சவர் முதல் நாளே சொல்லிடுவார்: "தம்பி, நீ பேசறது நமக்குள்ளே இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வெளியே சொல்லுவேன். முடிஞ்சவரை உன்கிட்டே சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதைக் கேட்டுட்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம்னு அந்தப் பையனே முடிவு பண்ணிக்குவான்.

பரிவு காட்ட எனக்குச் சித்தப்பா இருந்தார், பாட்டி இருந்தாங்க. வாயைக் காக்கத்தான் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆகவே நடுவர் அவர்களே, முதல் தேவை நெறியே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)