பசுமையெல்லாம் வளமன்று
தொலையுணர்வு நோக்கில் ஹீத் நிலங்கள்

நிலத்தை வகைப்படுத்தி, அவ்வந்நிலத்திற்குரிய மரம், புள், விலங்கு ஆகியவற்றைக் கருப்பொருள்களாக வகுத்துக் கண்டது தமிழ் மரபு. கருப்பொருள் மாறினால் நிலத்தின் இயல்பும் மாறிற்று என அதிலிருந்து நாம் உணரலாம். இத்தகைய மாற்றத்தை ஐரோப்பியச் சூழலியல் அறிஞர்கள் இன்று வானிலிருந்தே அளந்தறிகின்றனர். அம்முயற்சியைச் சுருங்கக் காண்போம்.

ஹீத் நிலம்

மேற்கு ஐரோப்பாவில் ‘ஹீத்’ எனப்படும் நிலவகை உண்டு. சத்துக் குறைந்த, அமிலத்தன்மை மிக்க மணற்பாங்கான இந்நிலத்தில் ‘ஹெதர்’ என்னும் குறுஞ்செடி பரந்து வளரும். ஆகஸ்டுத் திங்களில் நிலமெங்கும் ஊதாப் போர்வை விரித்தாற்போல் பூக்கும். பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகருக்கு வடக்கே, நெதர்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் கால்ம்தௌட் ஹீத் இதற்குத் தக்க சான்றாகும். திறந்த வெளியை நாடும் பக்கி போன்ற பறவைகளுக்கு அது புகலிடம்.

இந்நிலம் இயற்கை மட்டுமே படைத்ததன்று. காட்டைத் திருத்திய உழவர்கள் அங்கே ஆடு மேய்த்தனர். செடியை மேல்மண்ணோடு பெயர்த்தெடுத்துத் தொழுவத்தில் பரப்பினர். சாணத்தோடு கலந்த அம்மண்ணை வயலுக்கு எருவாக இட்டனர். இவ்வாறு பல நூற்றாண்டுகள் சத்து வெளியேறியதாலேயே ஹீத் நிலைபெற்றது.

வேதியுரம் வந்தபின் அவ்வழக்கம் மறைந்தது. மாறாக, கால்நடைப் பண்ணைகளிலிருந்து எழும் அம்மோனியாவும், வாகனப் புகையும் காற்றின் வழியே நைட்ரஜனை நிலத்தில் சேர்க்கின்றன. சத்து மிகுந்தவுடன் ‘மொலினியா’ என்னும் உயரமான புல் ஓங்கி வளர்ந்து ஹெதரை நெருக்கி அழிக்கிறது. ஈண்டு உரமே பகையாகிறது.

கண்காணிப்பின் தேவை

1992ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாழிட ஆணை, இத்தகைய வாழிடங்களின் பரப்பையும் நிலையையும் 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கையிடுமாறு உறுப்பு நாடுகளைப் பணிக்கிறது. ஒவ்வோர் இடத்தையும் நடந்தே ஆராய்வதற்குக் காலமும் ஆளும் மிகுதியாக வேண்டும். எனவே தொலையுணர்வின் துணை நாடப்படுகிறது.

செடியின் பச்சையம் சிவப்பொளியை உட்கொள்ளும். இலையின் உள்ளமைப்போ கண்ணுக்குப் புலனாகாத அண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பியனுப்பும். இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பசுமைக் குறியீடு கணிக்கப்படுகிறது. ஆயின் கோடையில் மொலினியா மண்டிய நிலம், நல்ல ஹெதர் நிலத்தைக் காட்டிலும் மிகுந்த பசுமை காட்டக்கூடும். குறியீடு உயர்ந்ததென்று மகிழ்வோமாயின், நோயை நலமெனப் பிழைபடக் கொண்டவராவோம். எவ்வளவு பசுமை என்பதைவிட, எதன் பசுமை என்பதே இங்கு வினா.

இரு வழிகள்

முதல் வழி பருவ ஒப்பீடு. மொலினியா குளிர்காலத்தில் காய்ந்து வைக்கோல் நிறம் கொள்ளும். ஹெதரோ ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்கும். எனவே இரு பருவப் படங்களை அருகருகே வைத்தால் இரண்டையும் வேறுபடுத்தலாம். 2015இல் முதற்கோள் ஏவப்பட்ட சென்டினல்–2 வரிசைச் செயற்கைக்கோள்கள், 10 மீட்டர் அளவுள்ள படப்புள்ளிகளாகச் சில நாள்களுக்கு ஒருமுறை படமெடுப்பதால் இது எளிதாயிற்று. எனினும் முகில் மூடிய நாள்களில் அவற்றால் பயனில்லை.

இரண்டாம் வழி ஒளியை நுணுக்கமாகப் பகுப்பது. 2007இல் கால்ம்தௌட் ஹீத்தின் மேல் விமானம் செலுத்தி, ஒளியை 63 பட்டைகளாகப் பிரித்து, 2.4 மீட்டர் படப்புள்ளிகளாகப் பதிவு செய்தனர். செடியின் இனத்தோடு, ஹெதர் இளையதா, முதிர்ந்ததா என்பதையும் இப்படங்களிலிருந்து வகுக்க முயன்றனர். பல அகவைச் செடிகள் கலந்திருப்பதே நல்ல ஹீத்தின் அடையாளம் என்பதால், இவ்வறிவு இன்றியமையாததாகும்.

மண்ணில் பதிந்த கால்கள்

வானத்துக் கண் தானே தீர்ப்புச் சொல்லாது. இன்ன ஒளி இன்ன செடிக்குரியது என்பதைக் களத்தில் நின்று பார்த்தவரே கணிப்பொறிக்குக் கற்பிக்க வேண்டும். விடையைச் சரிபார்ப்பவரும் அவரே. புதர் அடியில் ஒதுங்கும் பாம்பையோ, சிறு பாசியையோ படம் காட்டாது.

2011 மே மாதத்தில் இவ்வெல்லைப்புற ஹீத்தில் ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்பு தீக்கிரையாயிற்று. காய்ந்த மொலினியா தீக்கு எளிதில் இரையாகும். எரிந்தபின் அடித்தண்டிலிருந்து விரைந்து தளிர்ப்பதும் அதுவே. ஆகவே தீயின் வடு பசுமையாக மாறியதுகொண்டு நிலம் மீண்டதென்று கூறலாகாது. புல் எங்கே முந்துகிறது என்பதைப் படம் முன்னரே காட்டினால், அங்கே மேய்ச்சலோ மேல்மண் அகற்றலோ காலத்தே மேற்கொள்ளலாம்.

மனிதன் கைவைத்ததால் உண்டான நிலம், கைவிட்டதாலும் அழியக்கூடும். அதனைக் காக்க நுண்கருவி வேண்டும். கருவி காட்டும் பசுமையை ஐயுற்று, நிலத்தில் இறங்கி ஆராயும் அறிவும் வேண்டும். இரண்டும் இணைந்தவிடத்தே பாதுகாப்புப் பொருளுடையதாகும்.