ஓடாத காருக்கும் வயதாகும்

“டாக்டர் வண்டி சார். வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான். ஓட்டமே இல்லை.”

பழைய கார் வாங்கப் போன யாருக்கும் இந்த வசனம் பழக்கம். கேட்டதும் நம் கண் மீட்டருக்குப் போகும். ஆறு வயதுக் கார், 18,000 கிலோமீட்டர். பொன் மாதிரி வண்டி என்று மனசு முடிவு கட்டிவிடும். அந்த டாக்டர் காலையில் 4 கிலோமீட்டர் போய் வண்டியை அணைத்து, மாலையில் அதே 4 கிலோமீட்டர் திரும்பி வந்தவரா என்று கேட்கத் தோன்றாது. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

நம்மில் பலரும் இன்று அந்த டாக்டரைப் போலத்தான் கார் ஓட்டுகிறோம். பிள்ளையைப் பள்ளியில் விட, காய்கறி வாங்க, சாயங்காலம் கோயிலுக்குப் போக. மாதம் 200 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். “வண்டி ஓடவே இல்லையே, எதற்கு சர்வீஸ்?” என்று ஒரு வருடத்தைத் தள்ளிவிடுகிறோம். பிறகு ஒருநாள் போனால், தேவையில்லாத நாலு வேலைகளையும் சேர்த்து பில் நீட்டுகிறார்கள். செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஒரு நஷ்டம், வேண்டாததற்குக் காசு கொடுத்து இன்னொரு நஷ்டம். இரண்டையும் தவிர்க்க ஒரு கணக்குத் தெரிந்தால் போதும்: காரில் எது கிலோமீட்டரால் தேய்கிறது, எது நாளால் கெடுகிறது?

நமக்கு வெயில், எஞ்சினுக்குக் குளிர்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அது ஆவியாகவே சைலன்சர் வழியே வெளியேறிவிடும். எஞ்சின் ஆறியிருந்தால் அந்த ஆவி உள்ளேயே நீராகிறது. ஒரு பங்கு பிஸ்டனைத் தாண்டிக் கசிந்து ஆயிலில் சேர்கிறது. ஆறிய எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவைப்படுவதால், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் அதே வழியில் இறங்குகிறது.

நல்ல சூட்டில் அரை மணி நேரம் ஓடினால் இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலை விட்டு ஆவியாகிப் போய்விடும். ஆனால் 4 கிலோமீட்டரில் அந்தச் சூடு வராது. டேஷ்போர்டு முள் ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடுகிறதே என்பீர்கள். அது கூலன்டின் சூடு. ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சென்னை வெயிலில் எஞ்சின் எப்படிக் குளிரும் என்ற கேள்வியும் வரும். 35 டிகிரி நமக்கு வேர்க்கும் வெயில். 90 டிகிரிக்குப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டிய ஆயிலுக்கு அது குளிர்தான்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். கடைந்த மோரில் திரளும் வெண்ணெய் போல வெளிறிய பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் ஈரம் சேர்கிறது. ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பின் அது மறைந்துவிட்டால் குறுந்தூர ஓட்டமே காரணம். மறையாமல், கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் கேஸ்கெட் பழுதாக இருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பேட்டரி கதையும் இதுதான். ஒவ்வொரு முறை செல்ஃப் எடுக்கும்போதும் பெரிய இழுவை. அதைத் திருப்பி நிரப்ப ஆல்டர்னேட்டருக்கு நேரம் வேண்டும். ஏசியும் ஹெட்லைட்டும் போட்டுப் பத்து நிமிடம் ஓடினால் வரவைவிடச் செலவு கூடலாம். நிற்கும்போதும் லாக், அலாரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எஞ்சின் அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் முழு பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டிய நேரம். மல்டிமீட்டர் உள்ள எந்த மெக்கானிக் ஷெட்டிலும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

தேய்வதும் கெடுவதும்

பிரேக் பேட், கிளட்ச், டயர் பட்டன், சஸ்பென்ஷன் எல்லாம் ஓட்டத்தால் தேய்பவை. வருடம் 3,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இவற்றை அளந்து பார்த்த பிறகுதான் மாற்ற வேண்டும். வீல் அலைன்மென்டும் அப்படித்தான். வண்டி ஒரு பக்கம் இழுக்காமல், டயர் ஒரு ஓரமாகத் தேயாமல் இருந்தால் ஒவ்வொரு சர்வீஸிலும் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நாளால் கெடுபவை வேறு.

எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும்: பல கார்களின் கையேட்டில் “10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முன்னால் வருகிறதோ அது” என்றிருக்கும். நம் காருக்கு முன்னால் வருவது எப்போதும் ஓராண்டுதான். அதே கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கிறதா என்றும் பாருங்கள். திரும்பத் திரும்பக் குறுந்தூரம் ஓட்டுவதைப் பல நிறுவனங்கள் அதில்தான் சேர்க்கின்றன. இருந்தால், அதில் சொன்ன குறைந்த இடைவெளியே உங்களுக்கு.

பிரேக் ஆயில்: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன பல கையேடுகள்.

டயர்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பட்டன் புதுசாகவே தெரிந்தாலும் ரப்பர் வெயிலில் வெடிப்பு விடும். ஐந்து வயது தாண்டினால் ஆண்டுதோறும் காட்டுங்கள். பத்து வயதானதை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். நிற்கும் காரிலும் காற்று இறங்கும் என்பதால் மாதம் ஒருமுறை காற்றுப் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.

கூலன்ட், வைப்பர், பெல்ட்: இவையும் வயதால் போகிறவை. பெட்ரோலும் அப்படியே. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரே பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் தேக்கி வைக்க வேண்டாம்.

டீசல்காரர்கள் கவனிக்க

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 விதிப்படி வந்த டீசல் கார்களின் புகைப் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அதுவே சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குச் சீரான வேகத்தில் கால் மணி, இருபது நிமிட ஓட்டம் தேவை. தெருமுனைக் கடைக்குப் போய்வரும் காருக்கு அது கிடைக்காது. கரி சேர்ந்து எச்சரிக்கை விளக்கு எரியும். பாதியில் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தால், அந்தச் சூட்டுக்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது டீசல் கலந்த ஆயில்.

விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி பைபாஸில் ஒரு ஓட்டம் விடுங்கள். “வடிகட்டியை எடுத்து எறிந்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களைத் தடை செய்கிறது. மீறினால் தண்டனை காரின் உரிமையாளருக்கு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

நின்ற இடத்தில் ஓடவிடாதீர்கள்

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும் என்ற நம்பிக்கை அபார்ட்மென்ட்களில் பரவலாக உண்டு. எஞ்சின் சூடாகாமல் தண்ணீர் மட்டும் சேரும். பேட்டரி செலவழித்தது திரும்பாது. மூடிய ஷெட்டிலோ காற்றோட்டமில்லாத அடித்தளப் பார்க்கிங்கிலோ செய்தால் உயிருக்கே ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயக்கம் வந்த பிறகு எழுந்து வெளியே வர முடியாது.

அதற்குப் பதில் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஊருக்கு வெளியே ஓட்டிவிட்டு வாருங்கள். தனித்தனியாகப் போகும் மூன்று வேலைகளை ஒரே சுற்றில் முடியுங்கள். இரண்டாவது கடைக்குப் போகும்போது எஞ்சின் சூடாகவே இருக்கும். இதைவிட மலிவான பராமரிப்பு இல்லை.

சர்வீஸ் கவுன்டரில் உங்கள் உரிமை

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்கள் புகார்களும் எஸ்டிமேட் தொகையும் எழுதப்பட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். “கூடுதல் வேலை எதுவானாலும் கேட்டுவிட்டுச் செய்யவும்” என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எஞ்சின் ஃப்ளஷ், கோட்டிங், ஏசி கிருமிநீக்கம் என்று பட்டியல் நீண்டால், “கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேளுங்கள். பாதிப் பட்டியல் தானாகச் சுருங்கும்.

பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். கேட்டும் பில் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. நமக்கு அந்தக் காகிதத்தின் மதிப்பு இன்னும் கூடுதல். தேதி தவறிய சர்வீஸைக் காட்டி வாரன்டியை மறுக்க இடமுண்டு. தேதி தவறவில்லை என்று நிரூபிக்க பில்தான் சாட்சி. இன்ஷூரன்ஸும் இங்கே கைகொடுக்காது. தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் சாதாரண பாலிசி ஏற்பதில்லை.

வெளியே சர்வீஸ் செய்தால் வாரன்டி மொத்தமாகப் போய்விடும் என்பார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவில், அப்படி ஒட்டுமொத்த நிபந்தனை போடக்கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே வாரன்டி காலத்தில் வெளியே போகுமுன் வாரன்டி புத்தகத்தின் வாசகத்தைப் படித்துவிடுங்கள்.

புகைச் சான்றையும் மறக்க வேண்டாம். பதிவாகி ஓராண்டு முடிந்த எல்லா வண்டிக்கும் அது தேவை. பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு 12 மாதம் செல்லும். ஓட்டம் குறைவு என்பதற்காகச் சலுகை கிடையாது. இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஏமாற்றப்பட்டால்

முதலில் ஒர்க் ஷாப் மேனேஜருக்கும், பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னதற்கு ஆதாரம் இருக்காது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஜாப் கார்டு, பில், மின்னஞ்சல், பழைய பாகத்தின் போட்டோ ஆகியவை கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த முறை யாராவது “டாக்டர் வண்டி, ஓட்டமே இல்லை” என்றால், மீட்டரைப் பார்ப்பதற்கு முன் சர்வீஸ் பில்களை வாங்கித் தேதி பாருங்கள். ஆண்டுக்கு ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் பேரம் பேசலாம். அந்த டாக்டரின் இடத்தில் நீங்களே இருந்தால், விற்கும் நாளில் காட்டுவதற்கு இப்போதே ஒரு ஃபைல் போட்டுவையுங்கள்.