உங்களுக்குத் தெரியுமா? கம்பி எட்டாத கரையில் கம்ப்யூட்டர்

● கம்ப்யூட்டர்கள் கம்பியில்லாமல் தகவல் பரிமாறக் கற்றுக்கொண்டது ஒரு தீவுக்கூட்டத்தில்தான். 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஆப்ராம்சன் குழு, தீவுகளில் இருந்த கம்ப்யூட்டர் முனையங்களை ரேடியோ வழியாக இணைத்தது. பெயர் அலோஹாநெட். எல்லோரும் அனுப்ப ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பித் தகவல் மோதிக்கொண்டால், ஆளுக்குக் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். இன்று உங்கள் வீட்டு வைஃபை அதே வழியில்தான், இன்னும் பக்குவமாக, வேலை செய்கிறது. பாம்பன் தீவுக்காரர்கள் உரிமையோடு பெருமைப்படலாம். இது தீவுகளின் தேவையில் பிறந்த தொழில்நுட்பம்.

● 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது, பாம்பன் ரயில் பாலமும் சிதைந்து தீவு துண்டிக்கப்பட்டது. தொடர்பு அறுந்தால் ஒரு தீவு எப்படித் தனித்துப்போகும் என்பதை இந்தக் கரை உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

● பாம்பனில் இரும்பு மட்டுமல்ல, கம்ப்யூட்டர் கேபிளின் முனையும் உப்புக் காற்றில் அரிக்கும். சுவரைத் துளைத்து அறைக்கு அறை கேபிள் இழுக்கும் லாட்ஜ்களும் கடைகளும் சில வருடங்களிலேயே கனெக்டர் மாற்ற வேண்டிவரும். வைஃபை வந்தால் உப்புக்குக் காட்ட வேண்டிய முனைகள் குறையும். ரூட்டரை மட்டும் ஜன்னலோரத்தில் வைக்காமல் உள்ளே, உயரத்தில் வையுங்கள்.

● இன்டர்நெட் போனால் வைஃபையும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ரூட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை உள்ளுக்குள் இணைப்பு இருக்கும். மீன் கம்பெனி மேனேஜர் போனிலிருந்தே பில் அடிக்கலாம், வீட்டில் அக்காவின் லேப்டாப்பில் இருக்கும் பாடத்தைத் தம்பி தன் போனில் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பிரிண்டர் மொத்த அலுவலகத்துக்கும் போதும்.

● 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைகளைத் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில் இந்திய அரசு வழிசெய்தது.

● தண்ணீர் வைஃபைக்குப் பகை. வழியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அலை அதைத் தாண்டிச் செல்லத் திணறும். ஈரச் சுவரும் அலையை விழுங்கும். கடலுக்கடியில் வைஃபை எடுபடாததும் இதனால்தான். ஆனால் கடல் பரப்புக்கு மேலே காற்றில் அலை தாராளமாகப் போகும்.

● அப்படியானால் நடுக்கடலில் போன் ஏன் ஊமையாகிறது? பூமியின் வளைவுதான் காரணம். 40 மீட்டர் செல்போன் கோபுரத்திலிருந்து வல்லத்தில் நிற்பவரின் கைக்கு, கணக்குப்படி 30 கிலோமீட்டர் சொச்சம்தான் எட்டும். போனின் சொந்த பலம் குறைவு என்பதால் அதற்கு வெகு முன்பே சிக்னல் மங்கிவிடும். உயரம்தான் தூரம். ராமேஸ்வரத்தின் தொலைக்காட்சிக் கோபுரத்தை 323 மீட்டருக்கு எழுப்பியதன் பொருள் இதுதான். அரிச்சல்முனையில் சில போன்கள் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்வதும் இடையில் தடையில்லாத கடல் இருப்பதால்தான். அங்கே போகும்போது ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

● 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. தொலைபேசி சரிவராத இடங்களில் கம்ப்யூட்டர்களை வி.எச்.எஃப் ரேடியோவால் இணைத்தார்கள். வீராம்பட்டினத்தில் இணையத்திலிருந்து எடுத்த அலை உயரத் தகவலை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004இல் அதே நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து, செயற்கைக்கோள் இணைப்போடு கிராம வள மையங்கள் திறந்தன. அவற்றில் ஒன்று நம் தங்கச்சிமடத்தில். வைஃபை என்ற பெயரே பலர் காதில் விழாத நாளில் மீனவ ஊர் ஒன்று சென்னையிலிருந்த நிபுணர்களிடம் திரையில் பேசியது. இதை ராமநாதபுரம் மாவட்டப் பள்ளிகளில் சொல்லித்தர வேண்டும்.

● கேரளத்தில் அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஓஷன்நெட், தொலைதூர வைஃபை மூலம் கரையிலிருந்து 40 கிலோமீட்டருக்கு அப்பாலும் படகுகளுக்கு இணையம் கொடுத்தது. ஒரு படகு வாங்கிய சிக்னலை அடுத்த படகுக்குக் கைமாற்றும். பாக் நீரிணைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்கிறதா? இங்கும் வந்தே ஆகவேண்டும்.

● டீக்கடையோ பெட்டிக்கடையோ, உரிமக் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை தரலாம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம்.வாணி திட்டம் அதற்குத்தான்.

● ஒக்கி புயல் 2017இல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச்சேரவில்லை. 2019இல் வந்த ஜெமினி கருவி, செயற்கைக்கோளிலிருந்து வாங்கிய எச்சரிக்கையை ப்ளூடூத் வழியே மீனவரின் போனுக்குத் தருகிறது. ஆனால் அதில் கேட்கத்தான் முடியும், பதில் அனுப்ப முடியாது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் வந்த டிரான்ஸ்பாண்டர் அந்தக் குறையைத் தீர்க்கிறது: ஆபத்து என்று படகிலிருந்தே செய்தி அனுப்பலாம், கடல் எல்லையை நெருங்கினால் அது எச்சரிக்கும். ராமேஸ்வரம் மீனவருக்கு அந்த ஒரு எச்சரிக்கையின் மதிப்பு என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நாடு முழுவதும் 1 லட்சம் படகுகளில் இதை இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் படகில் இன்னும் இல்லையென்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால், அதன் செய்தியைக் காட்டும் போனில் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொண்டு கடலுக்குப் போங்கள்.